கொடுப்புப் பல்

யாழ்ப்பாணத்தில் பல்லுக்கொதி வந்தவரிடம் எந்தப் பல் என்று கேட்டால், கன்னத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு "கொடுப்புப் பல்லு" என்பார். கடைவாய்ப் பல் என்பது பள்ளிக்கூடத்துச் சொல். தமிழ்நாட்டு வாசகருக்குக் கொடுப்பு என்றதும் தானதருமம் நினைவுக்கு வரலாம். இங்கே அது தாடையின் பின்பக்கம், கன்னத்தின் உட்புறம். வெற்றிலையை அடக்கி வைக்கும் இடம். வெளியே காட்டாமல் நக்கலாகச் சிரிப்பவனை "கொடுப்புக்குள்ள சிரிக்கிறான்" என்பார்கள்.

இந்தச் சொல்லுக்குப் பழைய உறவுக்காரன் கொடிறு. திருக்குறளின் கயமை அதிகாரத்தில் கொடிறு என்பது தாடை. திருவாசகத்தின் போற்றித் திருவகவலில் அதே சொல், பிடித்ததை விடாத குறடு. இவற்றுக்கெல்லாம் அடியில் கிடப்பது வளைவைச் சுட்டும் 'கொடு' என்றே கொள்கிறேன். கொடுவாளும் அந்த வழியில் வந்ததுதான். ஈகைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

தாடைக்கும் குறட்டுக்கும் ஒரே பெயர் வைத்தது வெறும் உவமைக்காக இல்லை. பாக்குவெட்டியின் நுனியில் யாரும் பாக்கை வைப்பதில்லை. ஆணிக்குக் கிட்ட வைத்தால்தான் வெட்டு விழும். தாடையின் மூட்டு காதுக்கு முன்னால் இருக்கிறது. அதற்கு மிகக் கிட்ட நிற்பவை கொடுப்புப் பற்கள் என்பதால் கடியின் வலு அங்கேதான் கூட. அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலை முன்பல்லால் முறிக்கலாம், சப்ப முடியாது. அதைக் கொடுப்புக்குத்தான் தள்ள வேண்டும். மேற்கொடுப்புப் பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று வேர், கீழ்ப்பல்லுக்கு இரண்டு. அந்தப் பாரத்தைத் தாங்க அவ்வளவு வேர் வேண்டும்.

எங்கள் பாடநூலின் கணக்கு 32: வெட்டும் பல் 8, வேட்டைப் பல் 4, முன்கடைவாய்ப் பல் 8, கடைவாய்ப் பல் 12. வேட்டைப் பல்லைத் தமிழ்நாட்டுப் பாடநூல் கோரைப் பல் என்கிறது. முன்னையும் கடையையும் ஒரே சொல்லில் கட்டிப்போட்ட 'முன்கடைவாய்' எனக்கு எப்போதும் ஒரு முடிச்சாகத்தான் படுகிறது. கடைசிக் கடைவாய்ப் பல்லின் பெயரான ஞானப்பல் நம் ஊரில் முளைத்ததன்று. 17 வயதுக்குப் பின் வரும் பல்லோடு அறிவும் வரும் என்ற கிரேக்க, இலத்தீன் எண்ணம் ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்தது.

இவ்வளவு பெயர்களுக்கு நடுவே கொடுப்புக்கு இடம் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் தமிழில் மருத்துவம் எழுதிப் பார்த்த மண் இது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவருக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். 'மனுஷ அங்காதிபாதம்' என்ற அவருடைய உடற்கூற்று நூல் 1872இல் வந்தது. தலைப்பே சொல்கிறது, அக்காலக் கலைச்சொல் பெரிதும் வடமொழிப் பக்கம் சாய்ந்தது என்று. பின்னால் வந்தவர்கள் தமிழ்ப் பக்கம் சாய்ந்தார்கள்; ஆனால் ஏட்டுத் தமிழையே தேடினார்கள். பல்லைச் சுற்றியுள்ள சதைக்கு இங்கே வழங்கும் 'முரசு'கூட ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர் வாயில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு ஈறு என்று சொன்னால்தான் விளங்கும்.

சடங்கிலும் கொடுப்புப் பல்லுக்குப் பங்கில்லை. குழந்தைக்கு முதற்பல் முளைத்ததும் பல்லுக் கொழுக்கட்டை அவிப்போம். பிறை வடிவக் கொழுக்கட்டையின் விளிம்பில் தேங்காய்ச் சொட்டைப் பல்லாக நிறுத்திக் குழந்தையின் தலையில் கொட்டுவோம். அந்த மரியாதை பெரும்பாலும் கீழ் முன்பல்லுக்குப் போய்விடும்.

ஆறு வயதளவில், எந்தப் பாற்பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் புதிதாக ஒரு பல் முளைக்கும். யாரும் கவனிப்பதில்லை, அதையும் பாற்பல் என்று நினைத்து, சூத்தை விழுந்தாலும் "விழுந்து முளைக்குந்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழுந்து முளைக்காது. நிலைத்த கொடுப்புப் பற்களில் முதலாவது அதுதான். உங்கள் வீட்டில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளை இருந்தால் இன்று இரவு வாயைத் திறக்கச் சொல்லி, நான்கு கொடுப்பையும் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள்.