உபகாரச் சம்பளத்துக்கு ஒரு வழக்கு

நல்லவர்களோடு வழக்காடுவதைப்போல் சங்கடமான காரியம் வேறொன்றும் இல்லை. தீயவனை எதிர்த்து நின்றால் ஊர் நம் பக்கம் இருக்கும். 'உன் நன்மைக்காகத்தான் கதவைச் சாத்தியிருக்கிறேன்' என்று சொல்கிறவரிடம் போய்க் கதவைத் திறக்கச் சொன்னாலோ, நன்றி கெட்ட ஜன்மம் என்ற பெயர்தான் மிஞ்சும். 1973 ஜனவரியில், அமெரிக்காவில் ஃப்ளாரிடா மாகாணத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி இந்தச் சங்கடத்தில் துணிந்து இறங்கினார்.

அவர் பெயர் ஃபெர்ன் கெல்மேயர். 'பீச்சி' என்பது செல்லப் பெயர். 1944-ல் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தவர். 1959-ல், பதினைந்தாவது வயதில், ஃபாரஸ்ட் ஹில்ஸ் மைதானத்தில் அமெரிக்க தேசியப் பந்தயத்தில் ஆடினார்.  பிறகு மயாமி சர்வகலாசாலையில் சேர்ந்து, அங்கே ஆண்கள் கோஷ்டியிலேயே இடம் பிடித்து ஆடினார். அமெரிக்கக் கல்லூரி டென்னிஸின் மேல்தட்டில் ஆண்கள் அணியில் ஆடிய முதல் பெண் அவர்தான். படிப்பு முடிந்தபின் போக்கா ரேடன் என்ற ஊரில் மேரிமௌண்ட் கல்லூரியில் விளையாட்டுத் துறையை நிர்வகிக்கும் பொறுப்பு கிடைத்தது. கன்னியாஸ்திரீகள் 1962-ல் ஆரம்பித்த சிறிய கல்லூரி அது.

அங்கே டென்னிஸ் ஆடிய சில பெண்களுக்குக் கல்லூரி உபகாரச் சம்பளம் கொடுத்தது. தொல்லை அதில்தான் ஆரம்பித்தது. கல்லூரிப் பெண்களின் பந்தயங்களை நடத்துவதற்கென்று 1971-ல் ஒரு சங்கம் ஏற்பட்டிருந்தது. விளையாட்டுக்காக உதவித்தொகை பெறும் பெண் அதன் பந்தயங்களில் கலந்துகொள்ளக் கூடாது என்பது அந்தச் சங்கத்தின் விதி. கெட்டிக்காரி என்று பணம் கொடுத்தால், அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட இடம் கிடையாது!

இந்த விதியைச் செய்தவர்கள் ஆண்கள் என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. சங்கத்தை நடத்தியவர்கள் பெண்களே; அதிலும் படித்த, பொறுப்புள்ள தேகப்பயிற்சி ஆசிரியைகள். ஆண்களின் கல்லூரி விளையாட்டு எந்தக் கதிக்கு வந்திருந்தது என்பதை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். ஆட்டக்காரர்களைச் சந்தையில் மாடு பிடிப்பதுபோல் பிடிப்பது, பாடத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பந்தை மட்டும் கவனிப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சூதாட்டம். 1951-ல் கூடைப்பந்து ஆடிய கல்லூரி இளைஞர்கள் சூதாடிகளிடம் கைக்கூலி வாங்கிக்கொண்டு ஆட்டத்தைத் திரித்தது தேசத்தையே தலைகுனிய வைத்தது. நம் பெண்களுக்கு இந்தச் சாக்கடை வேண்டாம் என்று அந்த ஆசிரியைகள் எண்ணியதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை.

ஆனால் கெல்மேயருக்குக் கண்ணில் பட்டது வேறு. பந்தை நன்றாக அடிக்கும் பையனுக்குச் சம்பளம் கட்டாமல் படிப்பு. அதே பந்தை அதே திறமையோடு அடிக்கும் பெண்ணுக்கு உபதேசம். நோய் கண்டது ஆண்கள் பந்தயத்தில், பத்தியம் பெண்களுக்கு! கல்வி நிலையங்களில் ஆண் பெண் பேதம் பாராட்டக் கூடாது என்ற சட்டம் 1972-ல்தான் நிறைவேறியிருந்தது. ஆட்டக்காரப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு அவர் சமஷ்டி நீதிமன்றத்தின் படியேறினார்.

வழக்கு தீர்ப்பு வரை போகவில்லை. சட்டம் தங்களுக்குச் சாதகமாக இல்லை என்பதை எதிர்த் தரப்பினர் உணர்ந்தார்கள். சில மாதங்களுக்குள், அந்த ஆண்டு வசந்த காலத்திலேயே, சங்கம் தன் விதியைத் திருத்திக்கொண்டது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் சுபம் போட்டுவிடலாம். ஆனால் ஆசிரியைகள் பயந்ததில் பாதி நடந்தது. பெண்கள் விளையாட்டுக்கும் பணம் வந்தது. பணம் வந்த இடத்துக்கு ஆண்களும் வந்தார்கள். 1981-ல் ஆண்களின் பெரிய சங்கம் முக்கியக் கல்லூரிகளின் பெண்கள் பந்தயங்களையும் தானே நடத்த முன்வந்தது. பெண்கள் நடத்திய சங்கம் கோர்ட்டுக்குப் போய்த் தோற்று, மூடப்பட்டது. 1972-ல் கல்லூரிப் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பயிற்சி அளித்தவர்கள் பெண்கள். 2014-ல் அது நாற்பத்துமூன்று அளவுக்குச் சுருங்கிவிட்டது.

அப்படியானால் கெல்மேயர் வழக்குத் தொடுத்தது பிசகா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆசிரியைகள் அஞ்சிய ஆபத்து மெய்யானதே. ஆனால் அதிலிருந்து தப்புவதற்கான விலையை யார் தலையில் கட்டினார்கள்? சம்பளம் கட்ட வகையில்லாத பெண்ணின் தலையில். வசதி உள்ள வீட்டுப் பெண்ணுக்கு அந்தத் தூய்மை ஓர் ஆபரணம். வசதி இல்லாதவளுக்கு அது பூட்டிய கதவு. தூய்மையைக் காப்பாற்ற வேண்டியதுதான். ஆனால் ஏழையின் செலவில் அல்ல.

கெல்மேயர் அதே 1973-ல் கல்லூரியை விட்டு, தொழில்முறைப் பெண்கள் டென்னிஸ் சுற்றுப் பந்தயங்களின் நிர்வாகத்தில் முதல் ஊழியராகச் சேர்ந்தார். பரிசுப் பணத்திலும் பேதம் கூடாது என்பதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். விம்பிள்டன் இறங்கி வந்து ஆணுக்கும் பெண்ணுக்கும் சமப் பரிசு கொடுத்தது 2007-ல். சர்வதேச டென்னிஸ் புகழ் மண்டபத்தில் 2011-ல் அவருக்கு இடம் அளித்தார்கள். ஆயினும் ஃப்ளாரிடாவில் தொடுத்த அந்த வழக்கையே அவருடைய பெரிய ஆட்டம் என்பேன். எதிர்ப் பக்கத்தில் நின்றவர்கள் மரியாதைக்கு உரியவர்கள் என்று தெரிந்தும் அவர் பந்தை மெதுவாகப் போடவில்லை.