கால்நடையாய்க் கண்ட கோட்டைகள்

ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் யேசுக் கல்லூரியில் வரலாறு பயின்ற ரி. ஈ. லோறன்ஸ் என்னும் இருபது வயது மாணவர், 1909 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் தன்னந்தனியராகச் சிரியாவுக்குப் புறப்பட்டார். முதலாம் உலகப் போர்க்கால அராபியக் கிளர்ச்சியாற் பின்னர் பெயர் பெற்ற லோறன்ஸ் இவரே. எனினும் அப்புகழை ஒருபுறம் வைத்துவிட்டு, அவருடைய மாணவப் பருவத்து ஆய்வை மட்டும் நோக்குவது பயனுடையது.

சிலுவைப் போர் வீரர் கோட்டை கட்டும் கலையை எங்கே கற்றனர் என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. கிழக்கே சென்ற மேனாட்டார் பைசாந்தியரிடமிருந்து அதனைக் கற்றுத் தாயகம் கொண்டு சென்றனர் என்பது சாள்ஸ் ஓமன் முதலியோரின் கருத்து. நூல்களை மட்டும் புரட்டி இதற்கு விடை காணல் இயலாது என லோறன்ஸ் எண்ணினார். 1908 இலேயே துவிச்சக்கரவண்டியில் ஏறத்தாழ 2,400 மைல் தூரம் பிரான்சின் நாட்டுப்புறங்களிற் சுற்றி, அங்குள்ள கோட்டைகளை அவர் ஆராய்ந்திருந்தார். எஞ்சியது கீழ்த்திசை. அராபியப் பாலைவனப் பயணத்தாற் புகழ்பெற்ற சாள்ஸ் டோட்டி, கோடை வெயிலில் அந்நாட்டிற் கால்நடையாகச் செல்வது தகாதென எச்சரித்தார். லோறன்ஸ் அதனைப் பொருட்படுத்தவில்லை. பல்கலைக்கழக வேந்தராயிருந்த கேர்சன் பிரபுவின் முயற்சியாற் கிடைத்த துருக்கிய அரசின் அனுமதிப் பத்திரமே அவருக்குத் துணை.

பெய்ரூத்திலிருந்து தெற்கே கலிலேயா வரையும், மீண்டு வடக்கே அலெப்போ வரையும், மூன்று மாதங்களுக்குள் ஏறத்தாழ 1,000 மைல் நடந்து 36 கோட்டைகளைக் கண்டார். 1142 இல் ஹொஸ்பிற்றலர் சபையின் கைக்கு வந்து 1271 இற் பைபர்ஸ் சுல்தானிடம் வீழ்ந்த கிறாக் கோட்டையில் மூன்று நாள் தங்கினார். சஹ்யூனிற் பாறையைக் குடைந்த ஆழ்ந்த அகழியையும், அதன் நடுவே பாலத்தைத் தாங்குதற்கென விடப்பட்ட ஊசி போன்ற கற்றூணையும் வியந்தார். சபீத்தாவின் பெருங்கோபுரத்து அடித்தளத்திலுள்ள தேவாலயத்தில் ஊரவர் இன்றும் வழிபடுகின்றனர். இறுதியிற் காய்ச்சலும் கள்வரின் தாக்குதலும் அவரைத் திருப்பியனுப்பின.

இரவுகளில் அவருக்கு இடமளித்தவர் கிராமத்து ஏழைகளே. அவர்கள் இட்ட மெல்லிய அப்பத்தையும் புளித்த பாலையும் பற்றித் தாய்க்கு எழுதிய கடிதத்தில் விரிவாகக் கூறுகிறார். ஆய்வேட்டிலோ அம்மக்களுக்கு இடமில்லை. சுவரை அளந்தவர் சுவரடியில் வாழ்ந்தவரை ஆய்வுக்குரியோராகக் கருதவில்லை போலும்! அக்கால வரலாற்று நெறி அத்தகையது.

1910 இல் அவ்வாய்வேட்டைச் சமர்ப்பித்து முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். அது நூலாக வெளிவந்தது அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1936 இலேயே. மேற்கே கற்ற கலையையே சிலுவை வீரர் கிழக்கிற் பயன்படுத்தினர் என்பது அவர் முடிவு. ஓமனின் கருத்தை அசைத்தவரை அது நன்று. ஆனால் மறுகோடிக்குச் சென்றுவிட்டது. 1956 இல் எழுதிய ஆர். சீ. ஸ்மெயில், கோட்டைகளின் பயன்பாட்டையும் அவை எழுந்த நிலத்தின் தேவைகளையும் முன்வைத்தபோது, கிழக்கா மேற்கா என்ற வினாவே குறுகியதென்பது புலனாயிற்று.

யோர்தான் பள்ளத்தாக்கிற்கு மேலேயுள்ள பெல்வோயர் கோட்டை இதற்குச் சான்று. 1168 இல் அவ்விடத்தை வாங்கிய ஹொஸ்பிற்றலர், கோட்டைக்குள் கோட்டையாக ஒழுங்கான இரட்டை அரணை அங்கு எழுப்பினர். மேற்கில் அத்தகைய அமைப்புப் பெருவழக்காவதற்கு முற்பட்டது இது. லோறன்ஸ் காலத்தில் அதன் உள்ளமைப்பு முழுமையாகத் தெரியவில்லை. கவ்கப் அல் ஹவா என்னும் அராபியக் கிராமம் அவ்விடிபாடுகளின் மேல் வாழ்ந்துகொண்டிருந்தது. 1948 இற் போரினால் அக்கிராமத்தவர் அகன்றனர். 1966 இற் தொடங்கிய அகழாய்வின்போது அவர்களது வீடுகளின் எச்சங்களும் அகற்றப்பட்டன. இரட்டை அரண் வெளிப்பட்டது.