அமெரிக்கத் தரைப்படை: நீண்ட அயல்நாட்டுப் பணியும் போர்த் தயார்நிலையும்

ஒரு பிரிகேடு கடல் கடந்த போர்க்களத்தில் நிற்க மூன்று பிரிகேடுகள் வேண்டும்: ஒன்று களத்தில், ஒன்று திரும்பிவந்து ஓய்விலும் தளவாடப் பழுதுபார்ப்பிலும், மற்றொன்று புறப்படுவதற்கான பயிற்சியில். அமெரிக்கத் தரைப்படை இந்தக் கணக்கை இருமுறை மீறியது. இருமுறையும் சேதத்தின் பெரும்பகுதி போர்க்களத்துக்கு வெளியே நேர்ந்தது.

வியட்நாம் போரில் அதிபர் ஜான்சன் சேமப்படையைப் பெருமளவில் அழைக்கவில்லை. வீரர்கள் தனித்தனியாக 12 மாதப் பணிக்கு அனுப்பப்பட்டார்கள். ஆள் போதாதபோது, ஜெர்மனியில் சோவியத் படைகளை எதிர்நோக்கி நின்ற 7ஆம் படையிலிருந்து அனுபவசாலிகளான அதிகாரிகளும் சார்ஜென்ட்களும் உருவப்பட்டார்கள். அங்கு எஞ்சியது பெயரளவுப் படை. 1973இல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது. அதன் பிறகும் நிலைமை சீராகவில்லை. தம் படை உள்ளீடற்றது என்று 1980இல் நாடாளுமன்றத்திடமே சொன்னார் தலைமைத் தளபதி எட்வர்ட் மேயர். பதவியில் இருக்கும் தளபதிகள் இப்படி ஒப்புக்கொள்வது அபூர்வம்.

2003இல் இராக்குக்குள் நுழைந்தது தன்விருப்பப் படை. ஒப்பந்தக் காலம் முடிந்தவர்களையும் விடுவிக்காமல் நிறுத்திவைத்துத்தான் பிரிவுகள் நிரப்பப்பட்டன. இப்படியே போனால் படை முறிந்துவிடும் என்று 2006 டிசம்பரில் தளபதி பீட்டர் ஷூமேக்கர் எச்சரித்தார். அடுத்த ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் களப்பணியை 15 மாதமாக நீட்டினார். வீட்டில் இருக்கக் கிடைத்தது 12 மாதம். படையின் ஆள்பலத்தை 5,47,000 ஆக உயர்த்தும் முடிவும் அந்த ஆண்டு வந்ததுதான். ஆனால் சார்ஜென்ட் ஒருவர் உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

அதிகம் பேசப்படாத இழப்பு பீரங்கிப் படையினுடையது. பீரங்கி வீரர்கள் இராக்கில் காலாள்போல் ரோந்து சென்றார்கள், வாகன வரிசைகளுக்குக் காவல் நின்றார்கள். சுடும் திறன் துருப்பிடித்துவிட்டது என்று 2008இல் மூன்று கர்னல்கள் எழுதிய அறிக்கை படைக்குள் சலசலப்பை உண்டாக்கியது. தேசியக் காவல்படைப் பிரிவுகளோ வாகனங்களை இராக்கிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பின. அதே 2008இல் தரைப்படையில் தற்கொலை விகிதம் பொதுமக்களிடையே இருந்ததை விஞ்சியது.

2008 ஆகஸ்டில் பணிக்காலம் மீண்டும் 12 மாதமாகவும், 2012இல் 9 மாதமாகவும் குறைந்தது. கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் இர்வின் பாலைவனப் பயிற்சிக்களத்தில், நிகரான பகைப்படையை எதிர்கொள்ளும் பழைய பாடங்கள் திரும்பின. ஆயினும் 2015 முதல் தென்கொரியாவுக்கும், 2017 முதல் கிழக்கு ஐரோப்பாவுக்கும் 9 மாதச் சுழற்சியில் கவசப் பிரிகேடுகள் போய்வரத் தொடங்கின. போர் இல்லாத காலத்திலும் ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கு அவற்றுக்கும் பொருந்துகிறது.