ஜாபர் நெறிமுறையும் கூகுள் டாக்கும்: கூட்டிணைப்பு ஒன்றின் வரலாறு

1990களின் இறுதியில் உடனடிச் செய்திச் சேவைகள் ஒன்றோடொன்று தொடர்பற்றே இயங்கின. ஐ.சி.க்யூ. பயனர் யாகூ பயனருக்குச் செய்தி அனுப்ப வழியில்லை. இந்நிலைக்கு மாற்றாக ஜெரமி மில்லர் 1999 சனவரியில் ஜாபர் திட்டத்தை அறிவித்தார். மின்னஞ்சலில் உள்ளதுபோல் எவரும் தமக்கென ஒரு வழங்கியை நிறுவலாம். அதன் பயனர் வேறெந்த வழங்கியின் பயனரோடும் உரையாடலாம். இவ்வேற்பாடே கூட்டிணைப்பு எனப்படுகிறது. 2004 அக்டோபரில் இணையப் பொறியியல் பணிக்குழு இந்நெறிமுறையை எக்ஸ்.எம்.பி.பி. என்னும் பெயரில் செந்தரமாக வெளியிட்டது.

2005 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற கூகுள் டாக் இச்செந்தரத்தையே ஏற்றது; 2006 சனவரியில் பிற வழங்கிகளோடும் இணைந்தது. ஜிமெயில் முகவரிகள் ஜாபர் முகவரிகளாகவும் பயன்படலாயின. தன்னார்வலர்கள் இதனை வெற்றியாகக் கருதியதில் வியப்பில்லை. ஆயினும் தனி வழங்கியை நிறுவிப் பேணும் தேவை அன்றே குறையத் தொடங்கியது எனலாம். பேச விரும்பியோர் ஒரே நிறுவனத்தின் வாயிலில் குவிந்தனர்.

இக்குவிப்பின் விளைவு மறையாக்கச் சிக்கலில் வெளிப்பட்டது. வழங்கிகளுக்கிடையிலான இணைப்பை மறையாக்கம் செய்யும் முறை செந்தரத்திலேயே இருந்தும், கூகுள் அதனைச் செயல்படுத்தவில்லை. எனவே ஜிமெயில் நண்பர்களை இழக்க விரும்பாத ஒவ்வொரு சிறு வழங்கியும் மறையாக்கமற்ற இணைப்பையும் ஏற்க நேர்ந்தது. ஒரு பெரும் உறுப்பினரின் தயக்கம் எழுதப்படாத விதியாயிற்று. 2013இல் எட்வர்டு ஸ்னோடன் வெளிப்படுத்திய செய்திகளுக்குப் பின் வழங்கி நடத்துநர் பலர் 2014 மே 19 முதல் மறையாக்கத்தைக் கட்டாயமாக்கினர். அவ்வழங்கிகளுக்கும் கூகுளுக்கும் இடையிலான தொடர்பு அன்றே அறுந்தது.

அதற்கு ஓராண்டுக்கு முன்னரே, 2013 மே மாதத்தில், கூகுள் ஹேங்கவுட்ஸை அறிமுகப்படுத்தியிருந்தது. அதில் கூட்டிணைப்பு இல்லை. பிற நிறுவனங்கள் எக்ஸ்.எம்.பி.பி.யை ஏற்க முன்வராமை காரணமாகக் காட்டப்பட்டது. அக்காரணம் முற்றிலும் பொய்யன்று: ஃபேஸ்புக் 2010இல் எக்ஸ்.எம்.பி.பி. நுழைவாயில் ஒன்றைத் திறந்தும் வெளி வழங்கிகளை ஏற்கவில்லை. வாட்ஸ்அப் இதே நெறிமுறையின் திரிந்த வடிவத்தைத் தன் மூடிய சேவைக்கே பயன்படுத்திக்கொண்டது. எனினும், ஹேங்கவுட்ஸுக்கு மாறியோர் வெளி வழங்கியிலிருந்த தம் நண்பர்களுக்கு எட்டாதவராயினர்.

இதனைத் திட்டமிட்ட அழிப்பு என்போர் உளர். சான்றுகள் அம்முடிவுக்கு இடந்தரவில்லை. குரல்வழி உரையாடலுக்கான ஜிங்கிள் விரிவாக்கத்தை ஜாபர் குழுவினரோடு இணைந்து உருவாக்கி, அதற்குரிய நிரல்தொகுப்பைத் திறந்த உரிமத்தில் 2005இலேயே அளித்ததும் கூகுள்தான். தீய நோக்கம் இல்லாமலேயே இச்சிதைவு நிகழ்ந்திருப்பதே கூடுதல் கவலைக்குரியது. செந்தர ஆவணத்தில் ஓரெழுத்தும் சிதையவில்லை. 2011இல் அது திருத்திச் செம்மையாக்கவும்பட்டது. குறைந்தவர்கள் அதன்வழிப் பேசக் கிடைத்தோரே.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டு எண்ணிமச் சந்தைகள் சட்டம் பெருஞ்செய்திச் சேவைகள் பிற சேவைகளுக்கு வழிவிடவேண்டும் என விதித்துள்ளது. எந்தத் திறந்த செந்தரத்தையும் அது கட்டாயமாக்கவில்லை. இணைவதற்கான தொழில்நுட்ப நிபந்தனைகளை அப்பெரு நிறுவனமே வரைந்து வெளியிடும்.