பூட்ட மறந்த கதவு

சென்ற வாரம் வீட்டைப் பூட்டாமலே வெளியே போய்விட்டேன். பஸ்ஸில் பாதி வழி போன பின்னர் சட்டைப்பையில் கிடந்த திறப்பு கையில் தட்டுப்பட்டபோதுதான், பூட்டிய நினைவே இல்லை என்பது உறைத்தது. இறங்கித் திரும்பி ஓடினேன். கதவு சாத்தியபடியே இருந்தது. பொருள் எதுவும் போகவில்லை. "களவு போயிருந்தா, சாகும்வரைக்கும் உங்கட மறதியைத்தான் சொல்லிக் காட்டியிருப்பன்" என்றார் மனைவி.

அவர் சொன்னது எனக்குப் பழைய கதையொன்றை நினைவூட்டியது. ஒரு பேரரசின் வீழ்ச்சியையே பூட்ட மறந்த கதவொன்றின் தலையில் சுமத்திய கதை அது.

1453ஆம் ஆண்டு மே 29ஆம் திகதி கொன்ஸ்தாந்திநோபிள் நகரம் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மத்திடம் வீழ்ந்தது. நகர மதிலில் கேர்க்கோபோர்த்தா எனும் சிறு வாயில் இருந்தது. காவலர்கள் அதனைப் பூட்ட மறந்தனர் என்றும், துருக்கியர் ஐம்பது பேரளவில் அதன் வழியே நுழைந்தனர் என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் டூக்காஸ் எழுதினார். அவர் அன்று நகரில் இருந்தவரல்லர். முற்றுகையை உள்ளிருந்தே கண்டு நாட்குறிப்பெழுதிய வெனிஸ் நகர வைத்தியர் நிக்கோலோ பார்பரோ, இவ்வாயிலைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. பிற்காலத்தில் ஸ்டீபன் ஸ்வைக் போன்ற எழுத்தாளர்கள் இக்கதையை உலகெங்கும் பரப்பினர்.

உண்மையில், ஏறத்தாழ ஏழாயிரம் பேர் மட்டுமே அந்த நீண்ட மதிலைக் காத்து நின்றனர். ஏழு வாரங்களுக்கு மேலாகப் பெரும் பீரங்கிகள் மதிலை இடித்துக்கொண்டிருந்தன. இறுதி நாளில், எவரும் பின்வாங்காதிருக்க உள்மதில் வாயில்களைப் பூட்டிவிட்டே வீரர்கள் போரிட்டனர். தளபதி ஜியுஸ்தினியானி காயமுற்றபோது, அவரை வெளியே கொண்டுசெல்ல ஒரு வாயிலைத் திறக்க வேண்டியதாயிற்று. அதைக் கண்டு ஏனையோரும் கலைந்தோடினர். அது மறதியால் திறந்து கிடந்த கதவன்று. தெரிந்தே திறந்த கதவு.

ஆயினும் மக்கள் மறந்த கதவையே நினைவில் வைத்தனர். தாங்க முடியாத இழப்புக்கு ஒரு சிறு காரணம் கிடைத்தால் மனம் அதனைப் பற்றிக்கொள்கிறது. ஒரு திறப்பைத் திருப்பியிருந்தால் எல்லாம் தப்பியிருக்குமே என்று எண்ண இடம் கிடைக்கிறது.

இதனை நான் எங்கள் வீட்டிலேயே கண்டவன். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி மாலை, ஒலிபெருக்கி அறிவித்தலைக் கேட்டு வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி, கொட்டும் மழையில், சனத்திரளினூடே அடியடியாக நகர்ந்தோம். திறப்புக்கோர்வை அம்மாவின் இடுப்பில் இருந்தது. "குசினிக் கதவு பூட்டினனோ, தம்பி?" என்று வழிநெடுகக் கேட்டார். சாவகச்சேரியில் தங்கியிருந்த மாதங்களிலும் கேட்டார். வீடு போனால் அது தன் பிழையால்தான் என்று நம்பினார்.

1996இல் திரும்பி வந்தோம். சுவர்கள் நின்றன. ஓடில்லை, யன்னலில்லை. அம்மா நேரே குசினிப் பக்கம்தான் போனார். பூட்டினாரா இல்லையா என்று பார்ப்பதற்கு அங்கே கதவே இருக்கவில்லை.