ஊறுகாய்ப் பந்தும் மிச்சம் மீதி டீமும்

சியாட்டல் வந்து ரெண்டாவது குளிர்காலம். நாலரைக்கெல்லாம் இருட்டிடுது. ஒரு வாரம் முழுக்க லேப்ல ரெண்டு பேரைத் தவிர யார்கிட்டயும் வாயைத் திறக்கலைன்னு ஒரு சனிக்கிழமைதான் உறைச்சுது. அன்னிக்கே பக்கத்து சமூகக்கூடத்துல நடக்கிற பிக்கிள்பால் லீக்ல பேரைக் கொடுத்துட்டேன். எல்லாரும் ஜோடியா, நாலு பேர் கூட்டமா வந்திருந்தாங்க. தனியா வந்தவங்க நாலு பேரை மட்டும் கடைசியில ஒண்ணாச் சேர்த்து ஒரு டீம் ஆக்கினாங்க. மிச்சம் மீதி டீம். அதுல அடியேனும் ஒருத்தன்.

என் ஜோடி எழுபதைத் தாண்டின ஒரு பாட்டி. ஸ்கூல்ல பால் பேட்மிண்டன் ஆடினவனாச்சே நாம, மஞ்சள் கம்பளிப் பந்தைப் பார்க்காத பார்வையாங்கிற தெனாவெட்டுல இறங்கினேன். 11-2. தோத்ததுக்கு முழுக் காரணமும் நான்தான். நெட்டுக்கிட்ட ஓடிப்போய் ஓங்கி அடிக்க அடிக்க ஃபவுல், ஃபவுல்னு கத்துறாங்க. "கிச்சனுக்குள்ள நின்னு அந்தரத்துல அடிக்கக் கூடாது தம்பி"ங்கிற மாதிரி பாட்டி பொறுமையா விளக்கினாங்க. சமையலறைக்குள்ள நுழையக் கூடாதாம்! வீட்டுக்கு வந்து, இந்தக் கூத்தையெல்லாம் எவன் கண்டுபிடிச்சான்னு தேட ஆரம்பிச்சேன்.

கண்டுபிடிச்சது இந்த ஊருக்கு எதிர்லயே, ஃபெர்ரியில 35 நிமிஷத்துல இருக்கிற பெயின்பிரிட்ஜ் தீவுல. 1965 கோடை. ஜோயல் பிரிட்சர்ட் அப்ப மாநில சட்டமன்ற உறுப்பினர் (பின்னாடி அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் போனார், மாநிலத்தின் துணை ஆளுநராவும் இருந்தார்). அவரும் நண்பர் பில் பெல்லும் கோல்ஃப் ஆடிட்டுத் திரும்பினா, வீட்டுல பிள்ளைங்க 'போர் அடிக்குது'ன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காங்க. வீட்டுல பழைய பேட்மிண்டன் கோர்ட் இருக்கு, ஆட வேண்டிய சாமான் இல்லை. கையில கிடைச்ச டேபிள் டென்னிஸ் மட்டை, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து, அவ்வளவுதான். பேட்மிண்டன் உயரத்துல, 60 அங்குலத்துல கட்டியிருந்த நெட், பந்து நல்லா எகிறுதுன்னு தெரிஞ்சதும் 36 அங்குலத்துக்கு இறங்குச்சு. அடுத்த வாரம் பார்னி மெக்கல்லம்னு இன்னொரு நண்பர் வந்து சேர்ந்தார். பிளைவுட்ல மட்டை அறுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

கோர்ட் அளவைப் பாருங்க: 20 அடிக்கு 44 அடி. அச்சு அசல் பேட்மிண்டன் இரட்டையர் கோர்ட். பேட்மிண்டனோட ஆரம்ப கால விதிகள் உருவானதுல 1870கள்ல நம்ம புனேல இருந்த வெள்ளைக்கார ராணுவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சர்வீஸ் போட்டவருக்குத்தான் பாயிண்ட்டுங்கிறதை பேட்மிண்டன் 2006ல கைவிட்டுடுச்சு. இங்க எங்க லீக்ல இன்னும் அப்படித்தான்.

அந்தக் கிச்சன் நெட்டுலேர்ந்து 7 அடி. பேட்மிண்டன் கோட்டை விட அரை அடி கூட. வளர்ந்தவங்க நெட்டு மேலயே ஏறி நின்னு நொறுக்கினா சின்னப் பிள்ளைங்க எப்படி ஆடும்? சர்வீஸ் இடுப்புக்குக் கீழ, முதல் ரெண்டு அடியும் தரையில பட்டுத்தான் எடுக்கணும். எல்லாம் என்னை மாதிரி ஆளுங்களை அடக்கத்தான். எழுபது வயசு என்னை ஜெயிக்க வைக்கப் பார்த்ததுல தப்பே இல்லை, நான்தான் சட்டத்துக்கு எதிரா ஆடியிருக்கேன்.

1967ல ஒரு பக்கத்து வீட்டுத் தோட்டத்துல முதல் நிரந்தர கோர்ட், 1972ல கம்பெனி, 1976ல டக்வில்லாவுல முதல் போட்டி. 1984ல ஆர்லன் பரான்டோங்கிற போயிங் எஞ்சினியர் விமானத் தரைக்குப் போடுற தேன்கூட்டுப் பலகையில மட்டை செஞ்சார். ரொம்ப சியாட்டல்தனமான விஷயம்! 2022ல வாஷிங்டனோட அதிகாரபூர்வ மாநில விளையாட்டே இதுதான்னு சட்டம் போட்டுட்டாங்க.

பேருக்கு வருவோம். இங்க பிக்கிள்னா நம்ம ஆவக்காய் இல்லை, வினிகர்ல ஊறின வெள்ளரிக்காய். பிரிட்சர்ட் வீட்டு நாய் பேரு பிக்கிள்ஸ், பந்தைத் தூக்கிட்டு ஓடுமாம், அதனால இந்தப் பேருன்னு ஊரே சொல்லுது. மெக்கல்லமும் அதையே சொன்னார். ஆனா பேர் வச்சது பிரிட்சர்டோட மனைவி ஜோன். அவங்க ஒஹையோவுல மரியெட்டாங்கிற படகுப் போட்டி ஊர்க்காரங்க. எந்தப் படகுலயும் இடம் கிடைக்காத மிச்ச ஆளுங்களைச் சேர்த்து ஒரு படகு ஓட்டுவாங்க, அதுக்கு பிக்கிள் படகுன்னு பேர். அங்கேயும் இங்கேயும் பொறுக்கிச் சேர்த்த ஆட்டம், அதனால பிக்கிள்பால். நாய் பிறந்ததே 1968ல. ஆட்டத்தோட பேரைத்தான் நாய்க்கு வச்சிருக்காங்க.

எனக்கு இதுல ஒரு வருத்தம். 'கண்டுபிடித்த மூன்று அப்பாக்கள்'னு எல்லா இடத்துலயும் இருக்கு. பேர் வச்ச அம்மாவை ஒரு நாய் இத்தனை வருஷம் ஓரங்கட்டிடுச்சு. நாய்க்கதை சொல்ல சுலபமா, சிரிப்பா இருக்கு, அதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பாட்டிகிட்ட படகுக் கதையைச் சொன்னேன். அவங்க நாய்க் கட்சி, ஒத்துக்கவே இல்லை. ஆனா எங்க டீமுக்கு என்ன பேர்னு ஒருங்கிணைப்பாளர் கேட்டப்போ, நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி பாட்டியே "பிக்கிள் படகு"ன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க.

அன்னிக்கும் தோத்தோம். 11-7.