சாய்ந்தால் திரும்பும்

லாங்போர்டில் ஏறி நிற்பவர்கள் முதலில் தெரிந்துகொள்வது இதுதான்: சாய்ந்தால் பலகை திரும்பும். அடியில் சக்கரங்களைத் தாங்கும் 'ட்ரக்' சாய்வைத் திருப்பமாக மாற்றித் தருகிறது. அதன் கோணம் 50 டிகிரி என்றால் லேசாகச் சாய்ந்தாலே போதும். 20 டிகிரிக்கு இறக்கினால் முழு உடம்பையும் போட்டாலும் திரும்ப யோசிக்கும். மலைச்சரிவில் வேகமாக இறங்குகிறவர்களில் பலர் முன்னால் அதிகக் கோணமும் பின்னால் குறைந்த கோணமும் வைக்கிறார்கள். பின்பக்கமும் சேர்ந்து திரும்பினால் வேகத்தில் பலகை உதறி ஆளைத் தூக்கி எறிந்துவிடும்.

தூத்துக்குடிக் கடலில் பாய்விரித்து ஓடியவர்களுக்கும் இதே கணக்குதான், என்ன, தலைகீழாக. அங்கே சாய்வு வேண்டாத விருந்தாளி. காற்றில் படகு ஒரு பக்கம் சாயும்போது பாயின் இழுவிசை நடுக்கோட்டை விட்டு விலகிப்போகிறது, நீருக்குள் இருக்கும் உடலும் சமச்சீர் இழக்கிறது. உடனே மூக்கு தானாகவே காற்றை நோக்கித் திரும்பும். சுக்கான் பிடித்திருப்பவர் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கணும். அப்படித் திருப்பிப் பிடித்த சுக்கான் தண்ணீரில் பிரேக் மாதிரி.

தூத்துக்குடியில் கரையோரம் ஆழமில்லை. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிட, சரக்கை ஏற்றி இறக்கியவை தோணிகள். பெரிய தோணிகள் கொழும்பு வரை போயின. சரக்கு இருந்தால் அதுவே அடிபாரம். வெறும் தோணிக்கு மணலோ கல்லோ வேண்டும். ரொம்பவும் போட்டுவிடக் கூடாது. அடியில் கனம் கூடக் கூட தோணி வெடுக்வெடுக்கென்று நிமிரும், பாய்மரம் தாங்காது. 'கெட்டியாக' நிற்பதும் ஒரு ஆபத்துதான் என்று எனக்குப் பாடப் புத்தகத்தைவிட இந்த மணல் நன்றாகப் புரியவைத்தது.

சின்ன வள்ளத்தில் மணலுக்கு இடம் ஏது? தூத்துக்குடிக்கு வடக்கே, பாக் விரிகுடாவில், குறுகிய வள்ளத்தில் பெரிய பாய் கட்டினார்கள். குறுக்கே ஒரு கனத்த பலகையைக் கட்டி, காற்று வரும் பக்கம் வெளியே நீட்டிவிடுவார்கள். அதன்மேல் ஆள். காற்று ஏறினால் அவர் இன்னும் வெளியே நகர்வார், அல்லது இன்னொருவரும் ஏறுவார். திசை மாற்றும்போது பலகையையும் மறுபக்கம் மாற்றணும்.

இதைப் பதிவு செய்தவர் ஜேம்ஸ் ஹார்னெல், இந்தக் கரையின் முத்தையும் சங்கையும் ஆராய்ந்த மெட்ராஸ் மீன்வளத் துறை அதிகாரி. இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய அவரது நீண்ட ஆய்வு 1920இல் வந்தது. அதில் அவருக்குப் பெரிய கேள்வி, இந்த வடிவங்கள் எங்கிருந்து வந்தன என்பது. பாலினேசியா வரைக்கும் கோடு இழுக்கிறார். எனக்கு அந்தக் கோட்டில் பெரிய ஈடுபாடு இல்லை. வேகம், எடை, சாய்வு மூன்றையும் ஒரே பலகையில் தீர்த்தவர்களுக்கு எங்கிருந்தோ வந்த வம்சாவளிதான் விளக்கமா?

எதிர்க்கரையில் சிங்கள மீனவர்களின் ஒருவ படகு இன்னொரு விடை வைத்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் மிதவை, அது எப்போதும் காற்றுப் பக்கம். திசை மாற்ற வேண்டுமா, படகைத் திருப்பவே மாட்டார்கள், பாயை மறுமுனைக்கு மாற்றுவார்கள். முன்பக்கம் பின்பக்கமாகிவிடும்! காற்றின் பலத்தையும் மிதவைப் பக்கம் ஏறி நிற்கும் ஆட்களை வைத்தே சொன்னார்கள்: ஒராள் காற்று, ஈராள் காற்று.

1876இல் அமெரிக்காவில் நதானியல் ஹெரஷாஃப் 'அமாரில்லிஸ்' என்ற இரட்டை உடல் படகைப் போட்டியில் விட்டு மற்றவர்களை முந்தினார். அந்த இனத்துக்கு இன்று 'கேட்டமரான்' என்று பெயர், நம் கட்டுமரத்திலிருந்து போன சொல். நம்முடையதோ மரங்களை நெருக்கிக் கட்டியது, இரட்டை உடல் இல்லை. அகலத்தால் சாயாமல் நிற்கும் அந்தப் படகுக்குக் காற்றுக்கு எதிரே மூக்கைத் திருப்புவது சிரமம்.

ட்ரக்கின் கோணத்தைக் கரையிலேயே உட்கார்ந்து மாற்றிவிடலாம். வள்ளத்தில் அந்தக் கோணம் ஓர் ஆள், பயணம் முழுக்க அலையில் நனைந்தபடி, முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே. எஞ்சின் வந்தபின் தள்ளுவிசை பாயிலிருந்து இறங்கிப் பின்பக்கம் தண்ணீருக்குள் போனது. சாய்க்க உயரத்தில் ஒன்றுமில்லை. பலகையில் உட்காரவும் ஆள் தேவைப்படவில்லை.